அது உருவகம் இல்லை, ஆசிரியரே

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உயிர்ப்பு ஞாயிறன்று உங்கள் பத்திரிகையில் வந்த சமயக் கட்டுரையில் ஒரு வசனத்தைப் பற்றி எழுதுகிறேன். 'இயேசுவின் உயிர்ப்பை ஓர் அழகான உருவகமாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இன்றைய சமூகம் வளர்ந்துவிட்டது' என்பது அந்த வசனம். இரவுப் பூசை முடிந்து வந்து, விடிந்ததும் சந்திக் கடையில் வாங்கிவந்த பேப்பர் அது. தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அந்த ஒரு வசனத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.

எழுதியவர் படித்தவர் என்று தெரிகிறது. அவரை அவமதிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் சொல்லும் 'இன்றைய சமூகத்துக்குள்' வன்னியில் இருக்கிற நாங்களும் அடங்குகிறோமா என்று கேட்கவேண்டியிருக்கிறது.

2009 ஏப்ரல் முதல் வாரம் என் தங்கையை வலைஞர்மடத்தில் கடற்கரை மணலில் தாட்டோம். பெட்டி இல்லை. சுவாமியாரைக் கூட்டிவரப் போகவும் வழியில்லை. தறப்பாளில் சுற்றிவைத்து, கையாலும் சோறாக்கும் சட்டியாலும் மணலை அள்ளினோம். ஷெல் சத்தம் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் பக்கத்துப் பங்கரிலிருந்து, கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் வயதான அண்ணாவியார் ஒருவர் குனிந்தபடி ஓடிவந்து, நாங்கள் எதை நம்புகிறோம் என்று அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னார். 'சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்', அதாவது இறந்தவர்களின் உடல் உயிர்த்தெழும் என்று நம்புகிறேன், என்ற இடத்தில் நிறுத்தி, எங்களையும் சொல்லவைத்தார். அம்மாவுக்குக் குரல் வரவில்லை. அவர் காத்திருந்தார். அம்மா சொன்ன பிறகுதான் மணலை மூடவிட்டார்.

அந்த வருடம் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12இல் வந்தது. நாங்கள் இருந்த இடத்தில் பூசை இல்லை. அம்மா பங்கருக்குள் ஒரு துண்டு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து, 'ஆண்டவர் உயிர்த்துவிட்டார் பிள்ளை' என்று எனக்குச் சொன்னார். மகளைத் தாட்டுப் பத்து நாள்கூட ஆகாத ஒரு தாய் சொன்ன சொல் அது. மீள்குடியேறி வந்தபிறகு நான் போய்த் தேடியபோது அடையாளத்துக்கு வைத்திருந்த பனையும் இல்லை, மணல்மேடும் இல்லை. தங்கை எங்கே கிடக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கடவுளுக்குத் தெரியும், அவளை அவர் எழுப்புவார் என்று நம்பித்தான் நான் ஒவ்வொரு இரவும் கண்ணை மூடுகிறேன். அவளுடைய நினைவை எழுப்புவார் என்றல்ல, அவளை. கிறிஸ்து உயிர்க்கவில்லை என்றால் உங்கள் விசுவாசம் வீண் என்று புனித சின்னப்பர் (பவுல்) கொரிந்தியருக்கு எழுதியது உங்களுக்குத் தெரியாததல்ல.

லத்தீனில் இருந்த பூசை, 1960களில் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தமிழுக்கு மாறவில்லையா, அதுபோலக் கோட்பாடும் மாறலாம்தானே என்று கட்டுரையாளர் கேட்கிறார். மாறியதுதான். என் ஆச்சி கருத்துத் தெரியாமலே லத்தீனில் பதில் சொன்னவர். நான் 'சரீர உத்தானம்' என்று படித்தேன். என்னிடம் மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகள் 'உடலின் உயிர்ப்பு' என்று சொல்கிறார்கள். மூன்று தலைமுறையும் வேறுவேறு சொல்லால் சொன்னது ஒரே விசயத்தைத்தான். சொல்லை மாற்றுவதும் சொல்லப்பட்டதை மாற்றுவதும் ஒன்று என்று ஒரு பத்திரிகையில் எழுதலாமா?

அப்புறம் இந்த 'சமூகம்'. என் வாழ்நாளிலேயே அது எத்தனை தரம் தன் எண்ணத்தை மாற்றியது என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொலை செய்யாதே என்பது ஐந்தாம் கட்டளை. யுத்த காலத்தில் அதைச் சத்தமாகப் படிப்பிக்கத் தயங்கிய ஒரு காலம் இருந்தது. இங்கே மட்டுமல்ல, தெற்கிலும் அப்படித்தான். அவரவர் ஆட்கள் கொல்லும்போது அது கொலையில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒருநாள் வகுப்பில் ஒரு பெடியன் எழும்பி, 'ரீச்சர், இந்தக் கட்டளை இப்ப சரிவருமோ?' என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் ஆறாம் கட்டளைக்குப் போய்விட்டேன். பயம் ஒரு பக்கம். ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது நான் மட்டும் என்ன சொல்வது என்ற எண்ணம் மறுபக்கம். அடுத்த வருடம் அந்தப் பெடியன் வகுப்பில் இல்லை. அவன் திரும்பி வரவுமில்லை. இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புப் பெற்றுவிட்டேன், ஆனாலும் அந்தக் கேள்வி காதில் நிற்கிறது. அன்று ஊரின் அபிப்பிராயத்துக்கு இடம்விட்டவள் நான் என்பதால்தான் இன்று உங்களுக்கு இவ்வளவு கோபமாக எழுதுகிறேன். அன்று அந்தக் கட்டளையைக் காலத்துக்கு ஒவ்வாதது என்றவர்கள் பலர் இன்று மேடையில் சமாதானம் பேசுகிறார்கள். பேசட்டும், நல்லது. கட்டளை அன்றும் அங்கேயேதான் இருந்தது.

பெரும்பான்மை என்ன நினைக்கிறது என்று பார்த்து நடந்திருந்தால் வன்னியில் எங்கள் மடு மாதா கோயிலே இருந்திருக்காது. 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போனபிறகு கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை வந்தது. உத்தியோகம் வேண்டுமென்றால் அவர்களுடைய சபையில் சேரவேண்டும். பலர் சேர்ந்தார்கள். 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் வந்தன என்று எங்கள் பெரியவர்கள் சொல்லிவருகிறார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, குருவானவரே இல்லாமல் செபமாலையோடு காத்திருந்த மக்களைத்தான் கண்டார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலை திருத்தந்தை பிரான்சிஸ் அவரைக் கொழும்பில் புனிதராக அறிவித்துவிட்டுப் பின்னேரம் மடுவுக்கு வந்தார். நானும் அந்தச் சனத்துக்குள் நின்றேன். யுத்தம் மடுவை நெருங்கியபோது அதே சொரூபத்தை 2008 ஏப்ரலில் மன்னார்க் கரையோரத் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் எங்கள் காலத்தில்தான்.

சரி, இது ஒரு வசனத்தால் மட்டும் வந்த மனவருத்தம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் 'பெரிய வெள்ளி கொண்டாட்டம்' என்று நான்கு பத்தித் தலைப்புப் போட்டீர்கள். ஆண்டவர் சிலுவையில் மரித்த நாளை நாங்கள் கொண்டாடுவதில்லை, ஐயா. அன்று கோயில் மணிகூட அடிப்பதில்லை. கடிதம் எழுதினேன், வரவில்லை. அதற்கும் முதல், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனைப் பற்றிய செய்திக்கு நத்தார் குடிலின் படம் போட்டிருந்தீர்கள். அதற்கும் எழுதினேன். முன்பு ஞாயிறுதோறும் உள்பக்கத்தில் சிறிய பெட்டிக்குள் அன்றைய நற்செய்தி வாசகம் வரும். கண் தெரியாமல் போன என் அம்மாவுக்கு அதைத்தான் வாசித்துக்காட்டுவேன். பிறகு ராசிபலனைப் பெரிதாக்க அந்தப் பெட்டியை எடுத்துவிட்டீர்கள். அம்மா இறக்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும், 'வந்திருக்கோ?' என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

சைவ மக்களுடைய கொடியேற்றத்தைப் பற்றியோ முஸ்லிம் மக்களுடைய நோன்பைப் பற்றியோ 'இனி உருவகமாக எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதினாலும் எனக்கு இதே நோவு வரும். சாமி கும்பிடுகிறவர்களுக்கு அவர்கள் எதை நம்பவேண்டும் என்று பத்திரிகை திருத்திக் கொடுக்கத் தேவையில்லை.

அந்தக் கட்டுரைக்கு மறுப்புப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நற்செய்திப் பெட்டியை மீண்டும் போடுங்கள். பத்து வரி போதும். வாசகங்கள் ஆண்டு முழுவதுக்கும் முன்கூட்டியே தெரிந்தவை, எந்தப் பங்குத்தந்தையும் எடுத்துத் தருவார். அடுத்த பெரிய வெள்ளிக்கு 'அனுசரிப்பு' என்று போடுங்கள். சந்திக் கடைத் தம்பியிடம் வழமைபோல வருகிற ஞாயிறும் எனக்கு ஒரு பேப்பர் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
முல்லைத்தீவு மாவட்டம்.

(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்; அச்சிட வேண்டாம்.)