மல்லிகாவுக்கு, குன்னூரிலிருந்து

குன்னூர்,
செவ்வாய் காலை.

அன்புள்ள மல்லிகா,

தீபாவளிக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை. நேரில் பார்க்கும்போது திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நேற்று ராத்திரி விமலா சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. உன் போன் எடுக்கவேயில்லை. அதனால் ரவியிடம் இதைக் கொடுத்து முதல் பஸ்ஸில் அனுப்புகிறேன்.

கையில் நாய் கடித்த பேரனுக்கு நேற்றே வெறிநாய்க்கடி (ரேபிஸ்) தடுப்பூசி போட்டது நல்லது. ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் 'கேட்டகரி 3' என்று எழுதியதைப் பார்த்து, மூன்று ஊசியோடு முடிந்தது என்று உன் மாமியார் சொல்கிறாராமே! அது ஊசிக் கணக்கு இல்லை, காயத்தின் வகை. காயமில்லாத தோலை நாய் நக்கினால் முதல் வகை, கழுவினால் போதும். ரத்தம் வராத கீறல் இரண்டாம் வகை, அதற்குத் தடுப்பூசி வேண்டும். பல் பதிந்து ரத்தம் வந்தால் மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசியோடு சீரமும் கட்டாயம்.

அந்தச் சீரத்தைத்தான் "இன்னொரு குத்து எதற்கு" என்று விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். எனக்குத் தூக்கம் போனது அதனால்தான். தடுப்பூசி போட்டாலும் உடம்பு தன் எதிர்ப்புச் சக்தியைத் தயாரிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். வைரஸ் அதுவரை சும்மா இருக்காது. கடிவாயிலிருந்து நரம்புக்குள் நுழைந்து, முதுகுத்தண்டு வழியாக மூளைக்கு ஏறும். கையில் நரம்பு நுனிகள் அதிகம், குழந்தைக்குத் தூரமும் குறைவு. சீரம் என்பது ஆயத்தமாக இருக்கும் எதிர்ப்புச் சக்தி. நம் வீட்டு உலை கொதிக்கும்வரை பக்கத்து வீட்டுச் சோறு மாதிரி. அதைக் காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் செலுத்துவார்கள், வலிக்கும், பிள்ளையைப் பிடித்துக்கொள். குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட். அவன் 18 கிலோ என்றால் 720 யூனிட். மனிதச் சீரம் என்றால் அதில் பாதி போதும். ஒரே தடவைதான். முதல் ஊசி போட்டு ஏழு நாளுக்குள் போடலாம், அதற்குப் பிறகு போடமாட்டார்கள். அடுத்த திங்கள்வரை இருக்கிறதே என்று தள்ளாதே, இன்றே போ. கோத்தகிரியில் இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று அங்கேயே கேட்டுக்கொண்டு ஊட்டிக்கு வண்டி ஏறுங்கள்.

காயத்தில் காபித்தூள் அப்பியது யார்? உடனே எடு. குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம், கடிகாரம் பார்த்துக் கழுவு. இந்த வைரஸின் மேலுறை கொழுப்பு, சோப்பில் கரைந்துபோகும். ஒரு நாள் தாமதமானாலும் கழுவத்தான் வேண்டும். தையல் போடவேண்டாம்.

இரண்டு கையிலும் ஒரே நாளில் குத்தினார்கள் என்று பயப்படாதே. தோலுக்குள் போடும் முறை அது, ஒவ்வொரு புறமும் 0.1 மில்லி. கொசுக்கடி மாதிரி மேடு எழும்பினால் சரியாகப் போயிருக்கிறது. சீட்டில் உள்ள 0, 3, 7, 28 என்பது முதல் ஊசியிலிருந்து எண்ணுவது, கடித்த நாளிலிருந்து இல்லை. நேற்று திங்கள் பூஜ்யம். அப்போ வியாழன், அடுத்த திங்கள், பிறகு நேற்றிலிருந்து நாலு வாரம் முடியும் திங்கள். கடைசியைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்! ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லு. பத்தியம் எதுவும் இல்லை, பிள்ளை முட்டை கேட்டால் கொடு.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயம் உன் மாமியாருக்கு இன்னும் போகவில்லை போல. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்து 2004 இறுதியோடு இந்தியாவில் நின்றுவிட்டது என்று சொல்லு. நாய்க்கடி சிகிச்சைக்கென்றே தொடங்கிய, சிம்ஸ் பூங்கா பக்கத்துப் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் 1907 முதல் இருக்கும் மலையில் நாம் வாழ்கிறோம், நம் வீட்டிலேயே காபித்தூளா!

நாயைப் பத்து நாள் கண்ணில் வைத்திருங்கள். ஆனால் அது நலமாக இருக்கிறதே என்று ஊசியை நிறுத்தி வைக்காதீர்கள். நோய் தலைகாட்டிய பிறகு, தண்ணீரைக் கண்டு நடுங்கும் நிலைக்குப் போன பிறகு, கிட்டத்தட்ட யாரையும் காப்பாற்ற முடிவதில்லை மல்லி.

செல்வியின் கல்யாணச் சேதி அடுத்த கடிதத்தில். சீரம் போட்டதும் விமலாவுக்காவது ஒரு போன் போடு.

உன்,
சாந்தி