ஞாயிறு வாசிப்பு: டெல்மோர் ஷ்வார்ட்ஸ்

நண்பர்களே, இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு அமெரிக்கக் கவிஞரும் கதாசிரியருமான டெல்மோர் ஷ்வார்ட்ஸின் ‘இன் ட்ரீம்ஸ் பிகின் ரெஸ்பான்சிபிலிட்டீஸ்’ கதையைப் பேசுகிறோம். சின்னக் கதைதான், தயவுசெய்து படித்துவிட்டு வாருங்கள்.

புரூக்ளினில் 1913இல் ருமேனிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். பெற்றோர் ஒத்துப்போகாமல் பிரிந்தார்கள். அந்தக் காயம்தான் இந்தக் கதை. தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் இளைஞன் திரையில் தன் அப்பா அம்மாவின் 1909ஆம் வருடக் காதலைப் பார்க்கிறான். அப்பா கல்யாணப் பேச்சை எடுத்ததும் எழுந்து நின்று “வேண்டாம், இப்போதுகூட மனதை மாற்றிக்கொள்ளலாம்” என்று கத்துகிறான்! போட்டோ ஸ்டூடியோ காட்சியை இரண்டு தடவை படியுங்கள். போட்டோக்காரர் திருப்தியே இல்லாமல் இருவரையும் மாற்றி மாற்றி நிறுத்த, அப்பா பொறுமை இழக்கிறார். அந்தக் கல்யாணம் எப்படிப் போகும் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

இந்தக் கதை 1937இல் ‘பார்ட்டிசன் ரெவ்யூ’ இதழில் வந்தபோது அவருக்கு ஏறக்குறைய 24 வயதுதான். அப்புறம் குடி, மாத்திரை, மனநோய். 1966இல் நியூயார்க் ஹோட்டலில் மாரடைப்பால் இறந்தார். உடலைக் கேட்டு உடனே யாரும் வரவில்லை. சால் பெல்லோவின் ‘ஹம்போல்ட்ஸ் கிஃப்ட்’ நாவலில் வரும் கவிஞர் ஹம்போல்ட் இவரை வைத்து எழுதப்பட்டவர்தான். பாடகர் லூ ரீட் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இவருடைய மாணவர்.

என்னைக் கேட்டால், வாழ்க்கைச் சோகத்தை வைத்து இவரை அளப்பது அநியாயம். கதையிலிருந்தே தொடங்குவோம். கவிதைகள் அடுத்த வாரம்.