கொலையாளியின் பெயரைப் பக்க ஓரத்தில் படித்தவள் எழுதும் திறந்த மடல்

மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கும் வாசகர் வட்ட நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

சென்ற செவ்வாய்க்கிழமை நூலகக் கவுன்ட்டரில், புத்தகத்தில் யாரோ கிறுக்கியதைக் காட்டப்போய்ப் பழி என் மேலேயே விழுந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். என் உறுப்பினர் அட்டை இன்னும் அந்த மேசை டிராயரில்தான் கிடக்கிறது. அதைக் கேட்டு நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலப் பிரிவில் துப்பறியும் நாவலாசிரியை அகதா கிறிஸ்டியின் புத்தகங்கள் வைத்திருக்கும் தட்டு உங்களுக்குத் தெரியும். ஜன்னலை ஒட்டி, சாரல் அடித்தால் நனைகிற தட்டு. அவர் படைத்த துப்பறிவாளர் ஹெர்க்யூல் பொய்ரோ வரும் நாவல்கள் மொத்தம் 33. அதில் நம்மிடம் இருப்பது 19. முந்தைய புத்தகங்களில் யாரும் அதிகம் கிறுக்கியதில்லை. கடைசிக் காலத்துப் புத்தகம் கையில் கிடைத்தால்தான் நம் வாசகர்களுக்குப் பேனா துறுதுறுக்கிறது.

1972இல் வந்த ‘எலிஃபன்ட்ஸ் கேன் ரிமெம்ப’ரைப் புரட்டிப் பாருங்கள். கணவனும் மனைவியும் சுடப்பட்டு இறந்து கிடந்தார்கள். யார் யாரைச் சுட்டது என்று பல வருஷம் கழித்துத் தேடுகிற கதை. முதல் பக்கத்திலேயே பச்சை மையில் “சுத்த அறுவை”. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் “உமக்கு அறுவை”. நடுவில் ஒருவர், சாவு நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் என்று ஓரிடத்திலும், பதினைந்து என்று இன்னோரிடத்திலும், இருபது என்று வேறோரிடத்திலும் வருவதை அடிக்கோடிட்டு, “யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்க சார்” என்று கேட்டிருக்கிறார். பென்சில்காரர் ஒருவர், பேச்சு ஆரம்பிக்கும் ‘வெல்’ என்ற ஆங்கிலச் சொல்லையெல்லாம் வட்டமிட்டு எண்ணிக்கொண்டே போய், 61ஆவது வட்டத்தோடு கை ஓய்ந்திருக்கிறார். அதற்குப் பக்கத்தில் ஒரு பெண் கையெழுத்து என்று நினைக்கிறேன்: “கிறிஸ்டி அம்மாவுக்கு அப்போ 82 வயசு. உங்களுக்கு அந்த வயசில் கடைக்குப் போய் வர முடியுமா?”

உண்மையைச் சொன்னால் இதையெல்லாம் நான் ரசித்துப் படித்தேன். 2009இல் டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிறிஸ்டியின் நாவல்களில் சொற்களை எண்ணிப் பார்த்து, இந்தப் புத்தகத்தில் சொல்வளம் வெகுவாகக் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். மறதி நோயாக இருக்கலாம் என்றும் ஊகித்தார்கள். நம் பென்சில்காரர் கணினி இல்லாமலே பாதி வேலையை முடித்திருக்கிறார். எனக்கு மட்டும் அந்தப் புத்தகம் பிடிக்கும். என் சித்தப்பா கல்யாணம் எந்த வருஷம் என்று எங்கள் வீட்டில் நாலு பேரைக் கேட்டால் நாலு வருஷம் வரும். அந்தக் குழப்பம் எனக்குப் பழக்கமானது.

ஆக, நம் ஊரில் கருத்துச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. சொல்ல இடம்தான் இல்லை. கவுன்ட்டரில் ஒரு நோட்டு வையுங்கள் என்று முன்பு ஒரு முறை எழுதிக் கொடுத்தேன். இப்போதும் அதையேதான் கேட்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொய்ரோவின் கடைசி வழக்கான ‘கர்ட்டன்’. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுதிப் பூட்டி வைத்து, 1975இல்தான் கிறிஸ்டி வெளியிட்டார். முதல் நாவல் நடந்த அதே ஸ்டைல்ஸ் வீட்டுக்கு, சக்கர நாற்காலியில் வந்து சேருகிறார் பொய்ரோ. நம்மிடம் ஒரே பிரதி. முன்பதிவு செய்து நான்கு மாதம் காத்திருந்தேன். மருந்துக் கடையில் கணக்கு எழுதிவிட்டு வீடு போகும் பேருந்தில் முக்கால் மணி நேரம்தான் எனக்கு வாசிக்கக் கிடைப்பது. மூன்றாவது நாள், புதிதாக ஓர் ஆள் கதைக்குள் வரும் இடம். பெயருக்கு மேல் நீலப் பால்பாயின்ட் பேனாவில் ஓர் அம்புக்குறி. ஓரத்தில் மூன்றே சொல். அழுத்தி எழுதியதில் தாளின் பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுகிறது. என்ன எழுதியிருந்தது என்று இங்கே சொன்னால் அந்தப் பேனாக்காரருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

பொய்ரோ சாகப்போகிறார் என்பது ஊரறிந்த சேதி. 1975 ஆகஸ்ட் 6ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் அவருக்கு முதல் பக்கத்திலேயே இரங்கல் செய்தி போட்டது. கொலையாளி யார் என்பதை அந்தப் பத்திரிகைகூடச் சொல்லவில்லை. நம் நூலகம் சொல்லிவிட்டது.

திருப்பிக் கொடுக்கும்போது பக்கத்தைக் காட்டினேன். “எழுத்து மறையலையே, படிக்கலாமே” என்றார் பணியில் இருந்தவர். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, “கடைசியா எடுத்தது நீங்கதானே? கிறுக்கினதுக்குப் புத்தக விலையைக் கட்டிட்டு அட்டையை வாங்கிக்குங்க” என்றார். களவு போனதைச் சொல்ல ஸ்டேஷனுக்குப் போனவளை லாக்கப்பில் உட்கார வைத்த கதைதான். என் கைப்பையில் இருந்தது கறுப்பு மைப் பேனா. எழுதிக் காட்டினேன். 33 நாவல்களாகத் துப்பறிவதைப் படித்து என்ன பயன், கவுன்ட்டரில் எடுபடவில்லை.

சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். வாசலுக்கு ஆண்டுதோறும் வண்ணம் அடிக்கிறீர்கள், நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே மூன்று மின்விசிறியில் சுற்றுவது ஒன்று. பெண்கள் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது பொய்ரோவே வந்தாலும் துலங்காது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது. நம் ஆட்கள் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்கள் போல. முந்நூறு பக்கம் எதற்கு வீணாகப் படிக்க வேண்டும், இதோ இந்த ஆள்தான்!

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கவுன்ட்டரில் இருப்பவர் மேல் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் ஏதும் இல்லை. ஒற்றை ஆளாக அவர் எத்தனை புத்தகத்தைத்தான் புரட்டிப் பார்ப்பார்? ஆனால் புத்தகம் கொடுக்கும்போதே வாங்குபவரும் அவருமாக ஒரு தடவை தாளைத் தள்ளிப் பார்த்துத் தேதிச் சீட்டில் குறித்துக்கொண்டால், அடுத்தவர் தலையில் பழி விழாது. எழுதியே தீர வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் நோட்டைக் கேட்கிறேன். அறுவை என்று எழுதட்டும், ஆஹா என்று எழுதட்டும், ‘வெல்’ எத்தனை என்று எண்ணட்டும். புத்தகத்தில் வேண்டாம்.

அருள்கூர்ந்து என் அட்டையைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ‘கர்ட்ட’னை மறுபடி எடுக்க வேண்டும், கடைசி 40 பக்கம் பாக்கி இருக்கிறது. நோட்டுக்கு நிதி ஒதுக்கீடு இல்லை என்றால் 200 பக்க நோட்டு ஒன்றை நானே வாங்கித் தருகிறேன். பேனாவைக் கயிற்றில் கட்டிவிடுங்கள். நீல மை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நூலகத்தின் 11 ஆண்டு உறுப்பினர்