எலுமிச்சை வெலைக்கு ஆஸ்திரேலியாவைத் திட்டி என்ன ஆவுதுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க.

போன வாரம் நம்ம பேப்பர்ல வாசகர் ஒருத்தர் எழுதியிருந்தாரு, ஆஸ்திரேலியா ஆரஞ்சு கோயமுத்தூர்ல மூலைக்கு மூலை ஸ்டிக்கர் ஒட்டி விக்குது, அதனாலதான் நம்மூர் பழத்துக்கு மரியாதை இல்லை, எலுமிச்சை வெலை தாறுமாறா இருக்கறதுக்கும் அவங்கதான் காரணம்னு. படிச்சதுல இருந்து மனசு கேக்கலீங்க. நான் கோபி பக்கம் தோட்டம் வெச்சிருக்கறவன், மக மெல்போர்ன்ல இருக்கறா, அங்க போயி ஆறு மாசம் உக்காந்துட்டு வந்தவன், ரெண்டு ஊரையும் பாத்ததால சொல்றேன்.

இந்தியாவுல எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு எல்லாஞ் சேந்து வருசத்துக்கு 1 கோடி டன்னுக்கு மேல வெளையுது. ஆஸ்திரேலியாவுல 7, 8 லட்சம் டன்தான், ஆனா அத்தனூண்டுல மூணுல ஒரு பங்கை கப்பல் ஏத்திடறாங்க. 2022 டிசம்பர்ல அமலுக்கு வந்த இந்தியா-ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தப்படி ஆரஞ்சும், லேசா தோல் உரியற மாண்டரின் ஆரஞ்சும் வருசத்துக்கு 13,700 டன் வரைக்கும் பாதி வரியில வரலாம், நம்ம வெளைச்சலுக்கு முன்னால அதெல்லாம் ஒரு கணக்கா? அதுவுமில்லாம அவங்க நேவல் ஆரஞ்சு ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் வரும், நாக்பூர் ஆரஞ்சு அக்டோபருக்கு மேல ஆரம்பிச்சு ஏப்ரல் வரைக்கும் ரெண்டு போகமா வரும். ஒருத்தன் கடையை மூடறப்ப இன்னொருத்தன் தெறக்கறான், இதுல எங்கீங்க போட்டி?

எலுமிச்சை கதை வேற. 2022 ஏப்ரல்ல கிலோ 200 ரூபாய்க்கு மேல போயி ஜூஸ் கடைக்காரங்க எல்லாம் தலையில கைய வெச்சாங்களே, அதுக்கு எந்த நாட்டுக்காரனும் காரணமில்லை. வெய்யக்காலத்துல காய் பறிக்கோணும்னா முந்துன வருசம் செப்டம்பர் அக்டோபர்ல பூ எடுக்கோணும், 2021ல அந்த நேரம் பாத்து மழை கொட்டுச்சு, அப்பறம் பிப்ரவரி மார்ச்லயே வெயில் ஏறி அடுத்த பூவும் போச்சு, அவ்வளவுதான். அங்க மட்டும் எலுமிச்சை மலிவுன்னு நெனச்சுக்காதீங்க, நாங்க இருந்தப்ப கடையில ஒரு பழம் 1 ஆஸ்திரேலிய டாலர், நம்ம காசுக்கு 50 ரூபாய்க்கு மேல. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா பொறவாசல் மரத்துல பறிச்சு பை நெறைய கொண்டாந்து குடுத்துட்டுப் போவாங்க, அதனால நாங்க காசு குடுத்தே வாங்கலீங்க.

நான் சொல்ல வந்தது ஆஸ்திரேலியாக்காரங்க அவங்க பழ மரத்தைக் காபந்து பண்ற விதம். கெளம்பறப்ப பண்ணாரியம்மன் கோயில்ல குடுத்த எலுமிச்சம்பழத்தை வீட்டுக்காரி கைப்பையில வெச்சிருந்தா. மெல்போர்ன் ஏர்போர்ட்ல பாரத்துல எழுதிக் குடுத்ததால அபராதம் இல்லை, ஆனா பழம் தொட்டிக்குத்தான் போச்சு, அவ ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா. அப்பறம் மாப்பிள்ளை காருல மில்டுராங்கற ஊர்ல இருந்து பக்கத்து மாநிலத்துல இருக்கற ரென்மார்க்குக்குக் கூட்டிட்டுப் போனாரு, ரெண்டு பக்கமும் ஆரஞ்சுத் தோப்பு, நடுரோட்டுல செக்போஸ்ட், டிக்கியைத் தெறக்கச் சொல்லி பாத்து பேத்தி பாதி தின்ன ஆப்பிளைக் கூட வாங்கிட்டாங்க. பழத்தைக் கெடுக்கற பழ ஈ அந்த மாநிலத்துக்குள்ள வந்துரக் கூடாதாம்.

இதைவிடப் பெரிய சங்கதி மாப்பிள்ளை சொன்னாரு. அங்க குவீன்ஸ்லாந்து மாநிலத்துல எமரால்டுன்னு ஒரு ஊரு, 2004ல ஒரு தோட்டத்துல எலுமிச்சை, ஆரஞ்சு மரத்துக்கு வர்ற சொறி நோய் வந்திருக்குது, அந்த வட்டாரத்துல இருந்த அந்த ஜாதி மரம் கிட்டத்தட்ட 5 லட்சத்தையும் அழிச்சுட்டாங்க, வீட்டு வாசல்ல நின்ன மரத்தைக் கூட விடலை, 2009லதான் நோய் போச்சுன்னு அறிவிச்சாங்க. கேக்கவே வயிறு எரிஞ்சுது, 5 லட்சம் மரமுங்க!

அதே சொறிதான் நம்ம தோட்டத்துல எலுமிச்சை மரத்துக்கு மரம் இருக்குது. இலையில காயில மஞ்ச வளையத்தோட புண்ணு புண்ணா இருக்குமே அதுதான். சாறுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா மண்டியில அந்தக் காயைத் தனியா ஒதுக்கி பாதி வெலைக்குக் கேப்பாங்க. மழையும் காத்தும் சேந்தா பக்கத்து மரத்துக்குத் தாவிரும், இலையைத் துளைக்கற புழு வேற வந்துட்டா கேக்கவே வேண்டாம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிச்சு அடிச்சு எனக்குக் கை வலிச்சதுதான் மிச்சம். எங்கிருந்து வந்துதுன்னு பாத்தா கன்னு வாங்குன எடத்துலயே இருந்திருக்குது, சந்தையில வண்டியில வெச்சு 30 ரூபாய்க்கு வித்த கன்னு, வாங்கறப்பவே இலையில புள்ளி இருந்தது, பரவால்லைன்னு வாங்குனது என் தப்புதான். 12 வெச்சதுல 9க்கு சொறி.

நம்மூர்ல 5 லட்சம் மரத்தை வெட்டச் சொன்னா நானே முதல் ஆளா ரோட்டுல உக்காந்துருவேன், அதைக் கேக்கலை. விக்கற கன்னையாவது யாராச்சும் பாத்து, நோயில்லாத தாய்மரத்துல எடுத்ததுன்னு ஒரு சீட்டு கட்டி விக்க வெக்கலாமில்லீங்களா, ஆரஞ்சுக்கு ஸ்டிக்கர் ஒட்டறாங்கல்ல அந்த மாதிரி. ஐப்பசி மழைக்கு இன்னும் 10 கன்னு வெக்கோணும், சொறியில்லாத கன்னு எங்க கெடைக்கும்னு தெரிஞ்சவங்க இருந்தா உங்க பேப்பர்லயே எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
கோபி பக்கத்துத் தோட்டக்காரன்