பங்குனியில் நானும் வருகிறேன்

தாண்டிக்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி,

ரிப்போர்ட்டில் விந்தணு எண்ணிக்கை குறைவு என்று வந்ததிலிருந்து நீ யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அம்மா சொன்னாள். இதைப் போனில் பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ பிறக்கும் முன் ஆறு வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. மதுரை வரை போய் அம்மாவுக்கு மட்டும்தான் வைத்தியம் பார்த்தோம். கோயிலில் மண்சோறுகூடச் சாப்பிட்டாள். என்னையும் பரிசோதித்துக்கொள்ளச் சொன்ன டாக்டரிடம் கோபித்துக்கொண்டு எழுந்து வந்தவன் நான். பிள்ளைக்குக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கும். ஊர்ப் பேச்சையெல்லாம் அவள் ஒருத்தியே தாங்கினாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

கடைசியில் ஒரு மார்கழி விடியலில் வீட்டிலேயே விந்தை டப்பாவில் எடுத்து, ஸ்வெட்டருக்கு வெளியே துணிப்பையில் வைத்து, முதல் பஸ்ஸில் வத்தலக்குண்டுக்கு இறங்கினேன். போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. பத்துக்கு ஒன்றுதான் அசைகிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. அப்புறம் வேறொரு டாக்டர்தான், "எங்கே எடுத்தீங்க?" என்று கேட்டார். உடம்புச் சூடு குறையாமல் ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்திருக்க வேண்டுமாம். மறுமுறை அங்கேயே கொடுத்தேன். அசைவு நன்றாக இருந்தது, எண்ணிக்கைதான் குறைவு. இடது விதைக்கு மேலே ரத்தக் குழாய் புடைத்துச் சுருண்டிருந்தது. சின்ன ஆபரேஷன். அடுத்த வருஷம் நீ வந்தாய்.

உனக்கு ஒரு மில்லிக்கு 1 கோடியே 10 லட்சம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன கீழ் அளவு 1 கோடியே 60 லட்சம். நேற்று டாக்டரிடம் கேட்டேன். ஒரு வருஷத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை எண்ணித்தான் அந்த அளவையே வைத்தார்களாம். அவர்களிலும் 100க்கு 5 பேர் அதற்குக் கீழேதான். அவர்களும் அப்பா ஆனவர்கள்தானே, தம்பி.

போன மாதம் உனக்கு டெங்கு வந்ததை அங்கே சொன்னாயா? கடுங்காய்ச்சல் எண்ணிக்கையை இறக்கிவிடும். ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் போல ஆகும். இன்று நம் களத்தில் காயும் காப்பி, போன பங்குனி மழைக்குப் பூத்தது. அதுபோலத்தான் இதுவும். ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதே. பங்குனியில் மறுபடி கொடு. அதற்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்கட்டும். லேபிலேயே கொடு. அப்போதும் குறைவாக இருந்தால் யூராலஜி டாக்டரைப் பார்ப்போம்.

பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் லேகியம் எதையும் வாங்காதே. ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போடச் சொன்னால் கண்டிப்பாக வேண்டாம். அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

மருமகளிடம் இன்றே பேசு. அவள் என்ன தப்பு செய்தாள்?

பங்குனிக்குள் காப்பிப் பறிப்பு முடிந்துவிடும். லேபுக்குப் போகும் தேதியைச் சொல். முந்தின நாளே பஸ் ஏறிவிடுகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா