கரட்டு மரமும் கார்பன் காசும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மரம் வளர்த்தால் கார்பன் பணம் வரும் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை எங்கள் ஊர் டீக்கடையில் சத்தமாகப் படித்தோம். படித்து முடித்ததும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். மழைத் தண்ணீரைத் தேக்கி மண்ணைக் காக்கும் எங்கள் ஊர் வாட்டர்ஷெட் குழுவுக்குப் பன்னிரண்டு வருஷம் செயலாளராக இருந்தவன் நான்.

எங்கள் வேலை மேலிருந்து கீழே இறங்கும். மூன்று குச்சியைக் கட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு மட்டம் பார்த்து, முதலில் கரட்டு உச்சியில் குழி வெட்டினோம். அப்புறம் ஓடையில் கல் தடுப்பு, கடைசியில் அடிவாரத்துக் குட்டை. நட்ட கன்றில் பாதி காய்ந்துவிட்டது. ஆடு ஏறாமல் காவல் இருந்ததில், பழைய அடிக்கட்டையில் தானாகத் துளிர்த்த துரிஞ்சியும் வேம்பும்தான் இன்று மரமாக நிற்கின்றன.

போன மாதம் ஒரு கம்பெனிக்காரர் டேப்போடு வந்து, 1.3 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மரமாகச் சுற்றளவு பிடித்தார். மரம் இழுத்து வைக்கும் ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு கிரெடிட்டாம்; அதைப் புகை விடும் கம்பெனிகளுக்கு விற்றுக் காசாக்குவார்களாம். ஏற்கனவே வளர்ந்ததற்குக் காசு இல்லை, இனிமேல் கூடுவதற்குத்தான். குழியும் குட்டையும் கிணற்றில் ஏறிய தண்ணீரும் அந்தக் கணக்கிலேயே வராது. பக்கத்து ஊர் மொட்டைக் கரட்டுக்குத்தான் யோகம்! சரி, அதைக்கூட ஒப்புக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 41 பக்கம், முழுக்க ஆங்கிலம், 30 வருஷத்துக்கு. காலேஜில் படிக்கும் தம்பி மகள் இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்துச் சொன்னாள். 'செலவு போக' மிச்சத்தில் ஊருக்குப் பங்கு. எந்தச் செலவு, எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. கரடோ புறம்போக்கு. பணம் யார் கணக்கில் ஏறும் என்று கேட்டால், "அதை அப்புறம் பேசிக்கலாம்ணே" என்கிறார்.

எத்தியோப்பியாவின் ஹும்போவைப் பற்றி ஒரு பயிற்சியில் கேள்விப்பட்டேன். அங்கே 2,728 ஹெக்டேர் மலைச்சரிவை ஏழு கூட்டுறவுச் சங்கங்கள் காத்து வளர்த்தன. எங்கள் கரட்டைப் போலவே அங்கும் பெரும்பாலும் அடிக்கட்டைத் துளிர்தான். கிரெடிட்டை உலக வங்கியின் நிதியம் ஒன்று வாங்கியது. வந்த பணத்தில் மாவு மில்லும் தானியக் கிடங்கும் கட்டினார்கள். ஆனால் நிலத்தை அனுபவிக்கும் உரிமையை அந்தச் சங்கங்களுக்கு எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு இல்லாதது அதுதான்.

மத்திய அரசு 2023-ல் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்துவிட்டது. இனி டேப்போடு வருகிறவர்கள் கூடுவார்களே தவிரக் குறைய மாட்டார்கள். புறம்போக்கில் இப்படி ஒப்பந்தம் போடுமுன் அதைத் தமிழில் கிராம சபையில் முழுசாகப் படித்துக் காட்ட வேண்டும், 'செலவு' என்ற இடத்தில் தொகையை எழுத வேண்டும் என்று மாநில அரசு உத்தரவு போட வேண்டும்.

தமிழ்ப் பிரதி கேட்டு மூன்று வாரம் ஆகிறது, இன்னும் வரவில்லை. ஐப்பசி மழைக்குள் மேல்குழிகளில் சேர்ந்த மண்ணை அள்ள வேண்டும். அதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
வாட்டர்ஷெட் குழு முன்னாள் செயலாளர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.