அழகர் வழித் தண்ணீர்ப் பந்தலுக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கி, இராமராயர் மண்டபத்தில் தீர்த்தவாரி கண்டு, வண்டியூர் சென்று திரும்பி, பூப்பல்லக்கில் அழகர்மலைக்குப் புறப்பட்டுவிட்டார். தல்லாகுளத்துக்கும் ஆழ்வார்புரத்துக்கும் இடையே எங்கள் தெருவினர் போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலின் கீற்றுகளை நேற்றுதான் பிரித்து அடுக்கினோம். எங்கள் பந்தலில் நீரோ மோரோ அருந்தியவர் எவருக்கும் வயிறு கெட்டதாக இதுவரை தகவல் வரவில்லை. வெயிலில் சுருண்டு விழுந்து எங்களிடம் தூக்கிவரப்பட்டவர்கள் அனைவரும் நலமாக வீடு திரும்பிவிட்டார்கள். இந்த இரண்டு செய்திகளையும் மனநிறைவோடு எழுத முடிகிறதென்றால், அதற்குக் காரணமானவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருப்பது முறையாகாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பந்தலில் நேர்ந்ததை முதலில் சொல்லியாக வேண்டும். அன்று மோர் தீர்ந்துபோகும் வேகத்தைப் பார்த்து, கையில் அகப்பட்ட பாளம் ஐஸை உடைத்து அண்டாவில் போட்டுவிட்டோம். அது மீன் பெட்டிகளுக்குப் போடுவதற்காக உறையவைத்த ஐஸ் என்பதை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்ற எண்ணமும் எங்களுக்கு வரவில்லை. அன்றிரவே எங்கள் தெருப் பிள்ளைகள் பலருக்கு வாந்தியும் பேதியும் கண்டது. அவர்களுக்காவது மருத்துவம் பார்த்துவிட்டோம். அதே மோரைக் குடித்துவிட்டு உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் வேன் ஏறிப் போனவர்களில் எத்தனை பேர் அவதிப்பட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. பெருங்கூட்டத்தில் பரவும் நோய்க்கு இதுதான் இயல்பு என்று பின்னர் புரிந்துகொண்டோம்: கூட்டம் கலைந்த பிறகுதான் நோய் தலைகாட்டும், அதற்குள் அது பல ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆகவே முதல் நன்றி, திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னரே எங்களைத் தேடி வந்து, கோபமின்றிப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்த சுகாதார ஆய்வாளர் ஐயாவுக்கு. 1000 லிட்டர் நீருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கை வாயால் சொல்லிவிட்டுப் போய்விடாமல், வாளியில் தூளைக் குழைத்துக் கரைத்து, கசடு அடியில் படியும் வரை எங்களையும் காத்திருக்கச் செய்து, மேலே நின்ற தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றினார். அரைமணி நேரம் கழித்துக் கண்ணாடிக் குழாயில் நீரெடுத்து மருந்துச் சொட்டு விட்டபோது அது வெளிர்மஞ்சளாக மாறியது. குளோரின் போதிய அளவு இருக்கிறது என்பதற்கு அந்த மஞ்சளே சாட்சி என்றார். இந்த ஆண்டு ஒவ்வொரு முறை தொட்டி நிரம்பியபோதும் அந்த நிறத்தைப் பார்த்த பிறகே குழாயைத் திறந்தோம். இரவெல்லாம் அந்த வேலையை முகம் சுளிக்காமல் செய்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், அண்டாவுக்குள் யார் கையும் படாதபடி நீண்ட காம்புள்ள அகப்பைகளை அடித்துக்கொடுத்த பட்டறைக்காரருக்கும் எங்கள் வணக்கம். மோருக்கு இம்முறை ஐஸே போடவில்லை. புது மண்பானைகளே போதுமான குளிர்ச்சியைத் தந்தன.

அடுத்து நான் எழுதப்போவது பலரும் வெளிப்படையாகப் பேசத் தயங்குவது. முந்தைய ஆண்டுகளில் எங்கள் பந்தலுக்கு வந்த பெண்களில் பலர், நாக்கு வறண்டிருந்தும், நீட்டிய டம்ளரை வேண்டாம் என்று மறுத்திருக்கிறார்கள். விரதம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். எங்கள் தெருவின் மூத்த அம்மா ஒருவர்தான், "குடிச்சா எங்க போறது தம்பி?" என்று ஒரே கேள்வியில் உண்மையை விளக்கினார். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நாளிலிருந்து ஆற்றங்கரையில் காத்திருக்கும் பெண்கள், ஒதுங்க இடமில்லாத காரணத்தால் மணிக்கணக்கில் நீரே அருந்தாமல் இருந்து, மறுநாள் வெயிலில் மயங்குகிறார்கள். தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் கழிப்பறை இல்லையென்றால் அந்தப் பந்தல் பாதிப்பேருக்குப் பயன்படாது என்பதை உணர்ந்து, இரண்டு இரவும் இரண்டு பகலும் தம் மண்டபத்தின் கழிப்பறைகளைத் திறந்துவைத்த உரிமையாளருக்கும், முன்பின் அறியாத பெண்களைத் தத்தம் வீட்டுக் கொல்லைப்புறம் வரை அழைத்துச் சென்ற எங்கள் தெரு இல்லத்தரசிகள் அனைவருக்கும் நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். வாளியும் சோப்பும் குறையாமல் பார்த்துக்கொண்டவர்களும் அவர்களே.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்து எங்களோடு அமர்ந்த செவிலியர் சகோதரிகள் இருவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும். நண்பகல் நெருங்கும் வேளையில், வெல்வெட் சல்லடமும் தலைப்பாகையும் அணிந்து, சுவாமி மீது நீர் பீச்சும் தோப்பறை எனும் ஆட்டுத்தோல் பையைத் தோளில் மாட்டிய இளைஞர் ஒருவரை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். உடல் அனலாகக் கொதித்தது, பேச்சு குழறியது, காய்ச்சல்மானி 104 டிகிரியைத் தாண்டியிருந்தது. உடுப்பைக் கழற்ற வேண்டும் என்றதும், நேர்த்திக்கடன் கெட்டுவிடுமே என்று அவருடைய தந்தை கைகூப்பித் தடுத்தார். செவிலியர் ஒருவர், "சாமி உடுப்பைக் கீழே படாம நானே மடிச்சு வைக்கிறேன், ஐயா, அழகர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்" என்று சொல்லி, சொன்னபடியே ஒரு வாழையிலை மேல் மடித்து வைத்துவிட்டு, இளைஞரின் உடல் முழுதும் நீரூற்றி, ஈரத்துணி போர்த்தி விசிறச் சொன்னார். தெளிவில்லாதவர் வாயில் நீர் புகட்டக் கூடாது என்று சுற்றி நின்றவர்களைத் தடுத்ததும் அவர்தான். 108 வந்து சேரும்போது இளைஞர் தம் பெயரைச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். அந்தத் தந்தை அன்று மாலை திரும்பி வந்து, செம்பில் நாட்டுச்சர்க்கரை நிறைத்துச் சூடம் ஏற்றிய சர்க்கரைச் செம்பை எங்கள் பந்தல் முன் வைத்துவிட்டுப் போனார். அது அந்தச் சகோதரிகளுக்கு உரியது.

ஆம்புலன்ஸ் உள்ளே வர வழி இருந்ததே கயிறு பிடித்து நின்ற இளைஞர்களால்தான். கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் கோயிலுக்குள்ளேயே நடந்த திருவிழா, 2022 ஏப்ரல் 16 அன்று மீண்டும் ஆற்றுக்கு வந்தபோது நெரிசலில் இருவர் உயிரிழந்தது நம் ஊரார் மனத்தில் இன்னும் ஆறாத வடு. நெரிசலில் பெரும்பாலும் உயிர் போவது மிதிபடுவதால் அன்று. நின்ற நிலையிலேயே மார்பு அழுந்தி மூச்சுவிட முடியாமல் போவதால்தான் என்று காவல்துறை அலுவலர் ஒருவர் எங்களுக்கு விளக்கியிருந்தார். அதை மனத்தில் கொண்டு, இறக்கத்தில் போவோருக்கும் ஏறுவோருக்கும் வழியைப் பிரித்து, சுவாமி வரும்போதுகூட முகம் திருப்பிப் பாராமல் கயிற்றையே பிடித்து நின்றார்கள் அந்தப் பிள்ளைகள். சுவாமி உடுத்தியிருந்த பட்டின் நிறம் என்னவென்று பிறகு எங்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

முடிகாணிக்கை செலுத்த வந்த குடும்பங்களுக்கு, தலைக்கு ஒரு புதுப் பிளேடு என்ற முறையைக் கூட்டம் எவ்வளவு நெருக்கியபோதும் கைவிடாத முடிதிருத்தும் தோழர்களுக்கும், பயன்படுத்திய பிளேடுகளை மணலில் வீசாமல் மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்துக் கொடுத்தமைக்கும் நன்றி. மஞ்சள் காமாலையும் அதைவிடக் கொடிய நோய்களும் ஒரு பிளேடின் வழியே ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போகக்கூடும் என்பதை எங்களுக்குச் சொன்னவர்களே அவர்கள்தாம். வேதிப்பொருள் கலவாத நல்ல நீரையே தோப்பறையில் நிரப்பிப் பீச்சிய அடியார்களுக்கும், கேட்டவுடன் மோட்டார் பீச்சான்களை வேனில் ஏற்றி வைத்துவிட்ட குழுவினருக்கும் அவ்வாறே.

சுவாமி கடந்துபோன மறுகணமே எல்லாரும் அவர் பின்னால் போய்விட, மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் மட்டும் எங்கள் தெருவுக்குள் வந்தார்கள். எச்சில் இலையையும் காகித டம்ளரையும் அள்ளி, கழிவுநீர் தேங்கிய இடங்களில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் தூவி, விடிவதற்குள் தெருவைத் தெருவாக்கிக் கொடுத்தார்கள். அவர்களுக்கென நாங்கள் எடுத்துவைத்த உணவு அவர்கள் உண்ண அமர்வதற்குள் ஆறிப்போய்விட்டது. அடுத்த ஆண்டு அவர்களுக்குச் சூடாகப் பரிமாற ஒரு தனி அடுப்பு போடுவதென முடிவு செய்திருக்கிறோம்.

மீந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படைத்துவிட்டோம். வரவு செலவுக் கணக்கு தெரு முனைப் பிள்ளையார் கோயில் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. பந்தலில் விட்டுச் செல்லப்பட்ட ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசும், ஒரு மூக்குக் கண்ணாடியும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. உரியவர்கள் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
செயலாளர்,
தண்ணீர்ப் பந்தல் குழு, மதுரை